தண்டையார்பேட்டை சியர்லீடிங் வகுப்பு: மதிப்பெண் தாளுக்காகவே சேரலாம்

பெயர்ப்பலகை இல்லாத இடம். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே உள்ளே போனால் பழைய பருப்புக் கிடங்கு ஒன்று வரும். தெருமுனையில் “சர்க்கஸ் வகுப்பு எங்கே?” என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். வகுப்பின் பெயரையும் தம் பெயரையும் எழுத வேண்டாம் என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார். இருக்கிற பிள்ளைகளுக்கே தரை போதவில்லை, புதிதாகக் கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே ‘வகுப்பு’ என்றே எழுதுகிறேன். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்கிறார்கள், நானும் அப்படியே.

மதிப்புரை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: பள்ளி, கல்லூரி நாட்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவள், மாநிலப் போட்டிகள் வரை. முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு மண்ணடியில் வங்கி வேலை. என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. இந்த வகுப்பில் அவள் ஒரு பேஸ். கீழே நின்று மற்றவளைத் தூக்குகிறவள். கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் சித்தியின் பொறுப்பு. மற்றப் பெற்றோர் வாசலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் உள்ளே சுவரோரம் உட்கார்ந்து, யார் முழங்கால் மடங்குகிறது, யார் பாதம் நீளவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பழக்கம் விடாது.

வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லை. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது எல்லைக் கோட்டருகே பளபளக்கும் குஞ்சங்களை ஆட்டியவர்களைத்தான் நம் வீடுகளில் சியர்லீடர் என்று அறிவார்கள். “கிரிக்கெட்டில் ஆடுவார்களே, அதற்கா என் பெண்ணை அனுப்பச் சொல்கிறாய்?” என்று அத்தான் கேட்டார். இது வேறு. 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று முழக்கத்தை நடத்தியதில் தொடங்கிய வழக்கம், நூறாண்டுகளில் பல கிளைகளாகப் பிரிந்தது. அதில் ஆல்-ஸ்டார் என்ற கிளை எந்த அணியையும் உற்சாகப்படுத்துவதில்லை. போட்டியிடுவதற்காகவே அணி. இரண்டரை நிமிட ஆட்டம். அதற்குள் ஆளை ஆள் தூக்குவது, பிரமிட் கட்டுவது, குட்டிக்கரணம், எம்பிக் குதிப்பது, நடனம் எல்லாம் முடிய வேண்டும். சர்வதேச சியர் சம்மேளனத்துக்கு ஒலிம்பிக் குழு 2021இல் முழு அங்கீகாரம் கொடுத்தது என்று சொன்னதும் அத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அங்கீகாரம் கிடைத்தால் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்ததாக ஆகாது என்பதை அந்த நேரத்தில் நான் விளக்கப் போகவில்லை.

இனி வகுப்புக்கு வருகிறேன். இங்கே வேறெதற்கும் பணம் கொடுக்க வேண்டாம், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அன்றுதான் மதிப்பெண் நாள். பிள்ளைகள் சீருடை போட்டு, தலை வாரி, உண்மையான போட்டிபோல ஆட்டத்தை ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எதிரே மேசை போட்டு மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவர் தூக்குகளையும் பிரமிடையும் பார்ப்பார். ஒருவர் டம்ப்ளிங் எனப்படும் குட்டிக்கரண வித்தைகளையும் குதிப்புகளையும். மூன்றாமவர் கழிவுகளை, அதாவது தவறுகளுக்குக் குறைக்கும் புள்ளிகளை, மட்டும் குறிப்பார். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவர்களை உட்கார வைக்கிறார் மாஸ்டர். இல்லாவிட்டால் மூத்த மாணவிகள். டம்ப்ளிங் நாற்காலியில் என்னையும் உட்கார வைத்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தாளின் நகல் வரும். அணியின் மொத்த எண் மட்டும் அல்ல. எங்கே போயிற்று என்ற விவரமும் இருக்கும். “மூன்றாம் குழு, இறங்கும்போது இடப்பக்க பேஸின் கால் நகர்ந்தது.” இடப்பக்க பேஸ் எங்கள் வீட்டுப் பெண். அன்று இரவு முழுவதும் அவள் சமையலறையில் காலை அகட்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைச் சுற்றிச் சுற்றிப் போய்த் தோசை ஊற்ற வேண்டியிருந்தது.

இந்தத் தாளில் கடினத்துக்கு ஒரு பத்தி, நேர்த்திக்கு ஒரு பத்தி, கழிவுகள் தனி. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. 2006இலிருந்து எங்கள் விளையாட்டிலும் அப்படித்தான்: கடினம் கூடிக்கொண்டே போகும், நேர்த்தி பத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர், முன்பக்கமாக இரண்டு பல்டி அடித்து இறங்கும் புரொடுனோவா பாய்ச்சலைச் செய்தபோது கடினத்துக்கு 7.0, நேர்த்திக்கு 8.266. இரண்டு பாய்ச்சல்களின் சராசரி 15.066; வெண்கலத்துக்கு 0.15 குறைவு. கடினத்துக்கு உச்சவரம்பு இல்லாத விளையாட்டில் அப்படி ஒரு துணிச்சலுக்குக் கணக்கு இருந்தது. தரையைத் தொட்டாலும் 7.0 கையில் இருக்கும்.

ஆல்-ஸ்டாரில் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லை, பிள்ளைகள் அளவில் நிச்சயமாக இல்லை. ஏனென்றால் அணிகள் ஒன்று முதல் ஏழு வரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் எது செய்யலாம், எது கூடாது என்று விதி இருக்கிறது. முதல் நிலையில் இரண்டு காலில் தோள் உயரம் வரை தூக்கலாம். கையை முழுதாக நீட்டித் தலைக்கு மேல் தூக்குவது இரண்டாம் நிலையில், அதுவும் மேலே நிற்பவள் இரண்டு காலில் நிற்க வேண்டும். தலைக்கு மேலே ஒற்றைக் காலில் நிற்பதெல்லாம் மூன்றாம் நிலை. டம்ப்ளிங்கில் முதல் நிலைக்குக் கார்ட்வீல் (கையூன்றிப் பக்கவாட்டில் சக்கரமாகச் சுழல்வது), ரவுண்டாஃப், வாக்ஓவர் போன்ற கையூன்றும் எளிய வித்தைகள். பின்னால் பாய்ந்து கையூன்றி எழும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் இரண்டாம் நிலையில் வரும். கீழ்நிலையில் பதிவு செய்துவிட்டு மேல்நிலை வித்தை ஒன்றைக் காட்டினால் பாராட்டு வராது, கழிவு வரும். அந்த நிலைக்குரிய வித்தைகளைப் போதிய அளவு வைத்துவிட்டால் கடினத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். மிச்சப் போட்டி முழுவதும் நேர்த்தியில்தான்.

“எப்போது சார் பல்டி சொல்லிக்கொடுப்பீர்கள்?” என்று கேட்டுக் கேட்டு அலுத்த பெற்றோர் இரண்டொருவர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மாஸ்டர் மீது மதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான். பல்டி காட்டிப் பெற்றோரை மயக்குவது எளிது. சமூக ஊடகத்தில் போடவும் நன்றாக இருக்கும். அவர் அதைச் செய்வதில்லை. கார்ட்வீலில் இரண்டு காலும் செங்குத்தாக மேலே போகும் வரை, இறங்கும் பாதம் கோட்டில் விழும் வரை, அடுத்ததற்குப் போக விடமாட்டார். பதினாறு பெண்கள் ஒரே தாள எண்ணிக்கையில் கார்ட்வீல் போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தனியாக ஒருத்தி பேக் டக், அதாவது கையூன்றாத பின்பல்டி, அடிப்பதைவிடக் கடினமான காரியம் அது. நான் இரண்டையும் அறிந்தவள், சொல்கிறேன்.

கழிவுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெற்றோர்கள் அதில்தான் குழம்புகிறார்கள். வகுப்பில் பயன்படுவது அமெரிக்கப் போட்டிகளில் வழங்கிய ஒரு அட்டவணை. தூக்கு ஆடி, விழப்போய், காப்பாற்றப்பட்டால் 0.25. கட்டுப்பாடு போய்க் கீழே வந்து, ஆனால் பிடித்துக்கொண்டால் 0.75. மேலே நின்றவள் தரையில் விழுந்தால் 1.25. ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு விழுகைக்கு முழுசாக 1.0 போகும், அதுவும் பத்தில். அந்தக் கண்ணால் பார்த்தால், நூற்றில் போகும் இது தாராளமாகத் தெரியும். ஆனால் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு புள்ளிகூட இருக்காது. ஒரு கழிவும் இல்லாமல் முடித்தால் ‘ஹிட் ஜீரோ’ என்பார்கள். மதிப்பெண் நாளில் பூஜ்யம் வாங்கிய அணிக்கு மாஸ்டர் செலவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். வியாசர்பாடியிலிருந்து வாங்கி வருகிறார், முட்டையோடு.

பூஜ்யம் வாங்கியும் நேர்த்தியில் தோற்கலாம் என்பது அடுத்த பாடம். யாரும் விழவில்லை, எதுவும் ஆடவில்லை. ஆனாலும் நான்காவது குழு அரை எண்ணிக்கை தாமதமாக எழும்பியிருக்கும். மேலே நிற்பவள் முட்டியைப் பூட்டாமல் இருந்திருப்பாள். இறக்கும்போது நிறைகுடத்தை இறக்குவதுபோல இறக்காமல் தடாலென்று விட்டிருப்பார்கள். தாளில் இவை நான்கு கேள்விகளாக இருக்கின்றன: மேலே இருப்பவளின் உடல் இறுக்கம், கீழே இருப்பவர்களின் கால் அசையாமை, ஏறுவதும் இறங்குவதும் தெளிவாக இருந்தனவா, குழுக்களெல்லாம் ஒன்றாகச் செய்தனவா. பார்வையாளர்கள் மேலே இருப்பவளின் முகத்தைப் பார்ப்பார்கள். நடுவர் கீழே கால்களைப் பார்ப்பார். என் அக்கா மகளைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும், நிமிர்ந்து நிற்பார்கள்.

போன முறை இதில் ஒரு சங்கடம். பதினாறு பேர், நான்கு பேராக நான்கு குழு. மூன்று குழுக்கள் கையை முழுதாக நீட்டித் தூக்கும் எக்ஸ்டென்ஷனை அசையாமல் செய்தன. நான்காவது குழு மூன்றுக்கு ஒருமுறை ஆடியது. சில தாள்களில் அணியின் முக்கால் பங்கு ஒரு வித்தையைச் செய்தால் ஒரு படி, எல்லாரும் செய்தால் அதற்கு மேல் ஒரு சிறு படி. அந்தச் சிறு படிக்காக நான்காவது குழுவை முயல விடுவதா, அல்லது தோள் உயரத்தோடு நிறுத்தி 0.25ஐயும் நேர்த்தியையும் காப்பாற்றுவதா? மாஸ்டர் நிறுத்தினார். அந்தக் குழுவின் நான்கு பெண்களும் அழுதார்கள். ஒருத்தியின் அம்மா வந்து சண்டை போட்டார். கணக்கு மாஸ்டர் பக்கம். ஆனால் முடிவைப் பிள்ளைகள் அனைவர் முன்னிலையில் அறிவிக்காமல் அந்த நான்கு பேரிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. அவரிடமே சொன்னேன். தலையாட்டினார்.

சுவரில் சர்வதேச சம்மேளனப் போட்டித் தாளின் பங்கீடு ஒட்டப்பட்டிருக்கிறது: நூற்றில் தூக்குகளுக்கு 25, பிரமிடுக்கு 25, ஒருத்தியை மேலே எறிந்து பிடிக்கும் கூடையெறிதலுக்கு 15. டம்ப்ளிங்குக்குப் 10. வெறும் 10! வாழ்க்கையில் பாதியைக் குட்டிக்கரணத்தில் கழித்தவளுக்கு அதைப் படித்தால் எப்படி இருக்கும்? ஆனால் மாஸ்டர் நேரத்தைப் பிரிக்கும் விதம் அந்தப் பங்கீட்டுக்கு நேர்மையாக இருக்கிறது. வகுப்பின் பெரும்பகுதி தூக்குவதற்கும் இறக்குவதற்கும். அதிலும் இறக்குவதற்கு அதிகம்.

இனி கூடம். உயரம் நன்று. ஆள்மீது ஆள் நின்று கையை உயர்த்தினாலும் மேலே இடம் மிச்சமிருக்கிறது. கூரை விசிறிகளைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறிகள் வைத்திருக்கிறார்கள். கொக்கிகள் மட்டும் இன்னும் தொங்குகின்றன. வேறு இடங்களில் கூரை விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகளைத் தூக்கியதைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறேன், ஆகையால் இது எனக்குப் பெரிய விஷயம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதால் சித்திரை, வைகாசியில் மாலை ஐந்து மணிக்கு உள்ளே நிற்க முடியாது. தண்ணீர் கேன் உண்டு, மதியத்துக்குள் சூடாகிவிடும். கழிப்பறை ஒன்றே, தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது.

தரைதான் குறை. போட்டித் தளம் 54 அடிக்கு 42 அடி. ஆறடி அகலப் பட்டைகள் ஒன்பதை ஒட்டி விரிப்பார்கள், அடியில் ஸ்பிரிங் இருக்கும். இங்கே சிமெண்டுத் தரைமேல் டேக்வாண்டோ வகுப்புகளில் போடும் பல் கோத்த நுரைப் பாய்கள், அதுவும் தளத்தின் பாதிக்கு மேல் வராது. ஓரங்களில் பல் தேய்ந்து இடைவெளி விழுகிறது, கால்விரல் மாட்டும். இதன்மேல் ஓடிவந்து டம்ப்ளிங் செய்வதை மாஸ்டரே அனுமதிப்பதில்லை என்பது ஆறுதல். நின்ற இடத்தில் செய்வதற்கு இரண்டு தடித்த மெத்தைகள் இருக்கின்றன. அவை போதாது. முழங்காலை இழந்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: வேறெந்தச் செலவுக்கும் முன்னால் பாய்களை மாற்ற வேண்டும்.

தளம் சிறியது என்பதால் அணிவகுப்பு கற்பிக்க முடிவதில்லை. அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. சில ஞாயிறு காலைகளில் பக்கத்து மாநகராட்சி மைதானத்தில் கால்பந்துப் பையன்கள் வருவதற்கு முன்னால் போய், கோலமாவால் 54க்கு 42 வரைந்து ஒன்பது பட்டைகளையும் கோடு போட்டுவிடுகிறார்கள். நடுப்பட்டை ஐந்தாவது, பிரமிட் அங்கே. யார் எந்தப் பட்டையில் எந்த எண்ணிக்கையில் நிற்க வேண்டும் என்பதை நடந்தே பழகுகிறார்கள், தூக்காமல். கோட்டை மிதித்தால் பாதத்தில் மாவு ஒட்டும், யார் தவறினாள் என்று விவாதிக்கத் தேவையில்லை. ஏழரை மணிக்குப் பையன்கள் வந்து பந்தை உருட்டியதும் தளம் அழிந்துவிடும்.

எண்ணிக்கை விஷயத்தில் இந்த வகுப்புக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் ஒலிபெருக்கி எடுபடாது. உதவிப் பயிற்சியாளர் பரதம் கற்ற பெண். தட்டுக்கழியும் பலகையும் கொண்டு வந்து எட்டு எண்ணிக்கைகளைத் தட்டுகிறார். நிமிடத்துக்கு 144 தட்டு என்று வைத்தால் இரண்டரை நிமிடத்தில் 45 எட்டுகள். அந்த 45ஐயும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். “இருபத்து மூன்றாவது எட்டில் ஆறாம் தட்டில் நீ எங்கே?” என்று கேட்டால் அக்கா மகள் உடனே பதில் சொல்கிறாள். பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் இந்த வேகம் இல்லை.

அதே உதவிப் பயிற்சியாளரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். யாரை மேலே நிறுத்துவது, யாரைக் கீழே வைப்பது என்பதை அவர் சேர்ந்த முதல் நாளிலேயே கண்ணளவில் முடிவு செய்கிறார். ஒரு பெண்ணைப் பார்த்து, “நீ குண்டு, பின்னால் போ” என்றார், என் காது கேட்க. பத்து வயதுப் பிள்ளை. மேலே நிற்பதற்கு எடை குறைவாக இருந்தால் மட்டும் போதாது; உடலை விறைப்பாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஒல்லியான பெண்ணைத் தூக்குவதைவிட, இறுக்கமாக நிற்கும் கனத்த பெண்ணைத் தூக்குவது பேஸுக்கு எளிது. பின்னால் நிற்கும் பேக் ஸ்பாட் என்பதும் தண்டனை இடமல்ல. மேலே இருப்பவள் சரிந்தால் தலையையும் தோளையும் காப்பது அவள்தான், அவள் இல்லாமல் தலைக்கு மேல் தூக்கவே விதி அனுமதிக்காது. இதை மாஸ்டரிடம் சொன்ன பிறகு எல்லாப் பிள்ளைகளையும் எல்லா இடத்திலும் சில வாரம் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

நகை விதியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வீட்டில் பாட்டி இருந்தால் தயாராக இருங்கள். தோடு, மூக்குத்தி, கொலுசு, கயிறு எதுவும் கூடாது. இது மாஸ்டரின் கெடுபிடி அல்ல, போட்டி விதியே அப்படி. தூக்கும்போது விரல் மாட்டினால் காது கிழியும். எங்கள் வீட்டில் “காது மூளியாகப் பெண் பிள்ளை வெளியே போவதா?” என்று ஒரு வாரம் நடந்தது. பிறகு அம்மா சமரசமாகத் துளையில் துடைப்ப ஈர்க்கு செருகி அனுப்பினார். மாஸ்டர் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

சிரிப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தாளில் ஆட்டத்தின் மொத்தத் தோற்றத்துக்கு என்று ஒரு பங்கு இருக்கிறது. அதில் முகபாவமும் சேரும். பிள்ளைகளைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே தூக்கச் சொல்கிறார்கள். மூச்சு வாங்குவது வெளியே தெரியாமல் இருப்பதும் ஒரு கட்டுப்பாடுதான் என்பது மாஸ்டரின் வாதம். இருக்கட்டும். நாற்பது கிலோவைத் தோளுக்கு மேல் தூக்கியவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? இயல்பாகவே கடுகடுப்பான முகம் எங்கள் பெண்ணுக்கு, குடும்ப வாகு. அவள் சிரிக்க முயன்றால் பல்வலி வந்தவளாகத் தெரிகிறாள். தாளில் கால் அசைவை அளக்க முடியும். முகத்தை அளப்பது நடுவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

இந்த வகுப்பின் தாளுக்கு நான் இத்தனை முக்கியத்துவம் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நகரின் மறுகோடியில் நடந்த ஒரு போட்டிக்கு அணி போனது. நடத்தியவர்கள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அறிவித்த அளவைவிடத் தளம் சிறியது. மைதானத்தில் பழகிய இடைவெளிகளைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே குறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. குறுக்கினார்கள். ஒரு கழிவும் இல்லாத ஆட்டம், நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன். முதல் பரிசு வேறு அணிக்குப் போயிற்று. அந்த அணி ஒருத்தியைத் தரையில் போட்டது. அவர்கள் நேர்த்தியில் முந்தியிருக்கலாம், கடினத்தில் முந்தியிருக்கலாம், நடக்கக்கூடியதே. ஆனால் கையில் கிடைத்தது ஒரே ஒரு மொத்த எண். பிரிவு விவரம் கேட்டதற்கு, “நடுவர் தீர்ப்பே இறுதி” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தீர்ப்பை மாற்ற யாரும் கேட்கவில்லையே, எங்கே இழந்தோம் என்று தெரிந்தால்தானே அடுத்த மாதம் எதைப் பழகுவது என்று தெரியும்? பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் கைபேசி வீடியோவை வைத்துக்கொண்டு தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். குதிப்புகளில் எட்டு பேரின் பாதம் சேராமல் இறங்கியிருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பாரிமுனை வருவதற்குள் தாள் தயார்.

கட்டணம் மாதம் 1,800 ரூபாய், வாரம் மூன்று மாலை. இந்தப் பகுதிக்கு அது குறைவல்ல; நடன வகுப்புகள் பாதிக்குக் கிடைக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வரும் சில பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அதை யாரிடமும் சொல்லிக்காட்டுவதில்லை, அதுவும் நல்லது. மெல்லிய அடிப்பாகம் கொண்ட கான்வாஸ் ஷூ போதும் என்கிறார்கள். விலையுயர்ந்த ஷூவை யாரும் திணிப்பதில்லை. முதல் இரண்டு வகுப்புகள் இலவசம். ஒன்பது வயதுக்குக் கீழ் சேர்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வர முடியாத நாட்களில் அணிப் பயிற்சி நின்றுவிடும், தனிப்பயிற்சி மட்டும் நடக்கும். நால்வரில் ஒருத்தி வராவிட்டால் மற்ற மூவரால் தூக்க முடியாது, அதற்குக் கட்டணத்தில் கழிவு கேட்காதீர்கள்.

சீருடைக்கு மட்டும் தனியாக 2,600 வாங்கினார்கள். துணி எம்.சி. ரோட்டில் எடுத்தது, தையல் பழைய வண்ணாரப்பேட்டையில். நான் அதே துணியை அதே ரோட்டில் விலை கேட்டுப் பார்த்தேன். தையல் கூலி, பளபளப்பு ஒட்டுவேலை எல்லாம் சேர்த்தாலும் 1,700க்கு மேல் போகாது. வித்தியாசம் புதுப் பாய்களுக்குப் போகிறது என்று மாஸ்டர் சொல்கிறார். அப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பாய் கட்டணம் என்றே எழுதி வாங்கட்டும். பிள்ளைகளுக்குக் காற்புள்ளி விடாமல் கணக்குக் கொடுக்கிறவர் பெற்றோருக்கும் கொடுக்கலாம். ரசீது கேட்டிருக்கிறேன். அடுத்த மதிப்பெண் நாளுக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.